இயங்குபொருள் இயற்பியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட, திரவப் பொருள்களை ஆராயும் செறிபொருள் இயற்பியலில் கடந்த முப்பது ஆண்டுகளாக வேகமாக வளர்ந்துவரும் ஒரு கிளை இது. நான் வேலை செய்வதும் இதில்தான். என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களும், இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிக்கும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். கணிதம் தெரியாமலே படிக்கலாம்.

இயங்குபொருள் என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் ஆக்டிவ் மேட்டர் என்பதைத்தான். ஒரு பொருளில் உள்ள ஒவ்வொரு துகளும், தான் இருக்கும் இடத்திலேயே ஆற்றலை எடுத்து அசைவாக மாற்றினால் அது இயங்குபொருள். பாக்டீரியா நீந்தும் ஒரு சொட்டு நீர், பறவைக் கூட்டம், மீன் கூட்டம், செல்லுக்குள் இருக்கும் புரத இழைகள், ஆய்வகத்தில் செய்த நுண் உருண்டைகள் எல்லாம் இதில் அடங்கும். உயிர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆற்றல் எந்த இடத்தில் உள்ளே வருகிறது என்று பார்த்தால் போதும். இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒன்றுக்கே திரும்பத் திரும்ப வருவேன்.

பாத்திரத்தில் தண்ணீரைக் கலக்கினாலும் ஆற்றல் போகிறதே, அதுவும் இயங்குபொருளா?

இல்லை. கலக்கும்போது திசையை நீங்கள் கொடுக்கிறீர்கள். கரண்டி போகிற பக்கம் நீர் போகிறது. சூடாக்கினால் கீழிருந்து வெப்பம் வருகிறது, நீர் மேலே எழும்புகிறது. இரண்டிலும் ஆற்றல் விளிம்பு வழியாக உள்ளே நுழைகிறது. பாக்டீரியாச் சொட்டுக்கு அப்படி ஒரு விளிம்பு வாசல் கிடையாது. கோடிக்கணக்கான நீச்சலாளிகள், ஆளுக்கொரு திசையில் தாமே தள்ளிக்கொண்டு போகின்றன. அவை எந்தப் பக்கம் ஒன்றுசேரும் என்பதைத் தமக்குள்ளேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இது உயிரியல் அல்லவா? இயற்பியலில், அதுவும் செறிபொருள் இயற்பியலில் எப்படி வந்தது?

ஏராளமான துகள்கள் சேரும்போது, தனித்துகளிடம் இல்லாத குணங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று கேட்பதுதான் செறிபொருள் இயற்பியலின் அடிப்படை வேலை. ஒரு நீர் மூலக்கூறு ஈரமாக இருக்காது, உறையவும் உறையாது. எண்ணிக்கை கூடும்போது புதிய விதிகள் பிறக்கும், அந்த விதிகளும் அடிப்படை விதிகளுக்கு இணையான மதிப்புள்ளவை என்று பிலிப் ஆண்டர்சன் 1972இல் ஒரு கட்டுரையில் வாதாடினார். அந்தப் பார்வையில் காந்தத்தில் உள்ள எலக்ட்ரான் சுழற்சிகளும் வானத்தில் திரும்பும் பறவைகளும் ஒரே வகைக் கேள்வியைத்தான் எழுப்புகின்றன: பக்கத்தில் இருப்பதை மட்டும் பார்த்து நடப்பவை, எப்படி மொத்தமாக ஒரு திசையைத் தேர்ந்தெடுக்கின்றன?

இயங்குபொருள் வெப்பச் சமநிலையில் இல்லை என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் நாம் படித்த வெப்ப இயக்கவியல் பெரும்பாலும் சமநிலையின் மேல் நிற்கிறது. வெப்பச் சமநிலையில் உள்ள ஒரு பொருளை வீடியோ எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், எது நேர், எது தலைகீழ் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. 1827இல் ராபர்ட் பிரவுன் நீரில் பார்த்த நுண்துணுக்குகளின் ஆட்டம் அப்படிப்பட்டது. நீர் துணுக்கை உலுக்குகிறது, அதே நீர் அதன் ஓட்டத்தைத் தடுக்கவும் செய்கிறது. இந்த உலுக்கலும் தடையும் ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருந்துகின்றன என்பதை 1905இல் ஐன்ஸ்டைன் காட்டினார். பாக்டீரியாவின் உந்துதல் இந்தக் கணக்குக்குள் வராது, அது சாப்பிட்டு நீந்துகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு அழகான சோதனை உண்டு. ரம்பப் பல் போல ஒரே பக்கமாகச் சாய்ந்த பற்கள் உள்ள நுண்ணிய சக்கரம் ஒன்றைச் சாதாரண நீரில் போட்டால் அங்குமிங்கும் ஆடும், ஆனால் ஒரே பக்கமாகச் சுற்றாது. சுற்றினால், ஒரே வெப்பநிலையில் உள்ள நீரின் ஆட்டத்திலிருந்து இலவசமாக வேலை வாங்க முடியாது என்ற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியே உடைந்துபோகும். 2010இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அதே மாதிரிச் சக்கரத்தைப் பாக்டீரியா நிறைந்த திரவத்தில் போட்டன. அது ஒரே பக்கமாகச் சுற்றியது. பல்லின் சரிவான பக்கத்தில் மோதும் பாக்டீரியா வழுக்கி வெளியே போய்விடுகிறது. செங்குத்தான பக்கத்துக்கு வருவது மூலையில் மாட்டிக்கொண்டு, நீந்துவதை நிறுத்தாமல் முட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இப்படி மூலைக்கு மூலை சேரும் தள்ளல்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டாம் விதிக்கு ஒரு குறையும் வரவில்லை. செலவை உணவு தருகிறது.

அழுத்தம் என்ற எளிய சொல்லும் இங்கே ஆட்டம் காண்கிறது. சாதாரண வாயுவின் அழுத்தம், சுவர் எதனால் செய்தது என்பதைப் பொறுத்து மாறாது. இயங்குபொருளில் பொதுவாக அது சுவர் கடினமா மிருதுவா என்பதையும் பொறுத்து மாறும் என்று 2015இல் காட்டினார்கள். பள்ளியில் படித்த வாயு விதிகளை நம்பி வளர்ந்த எனக்கு அந்தக் கட்டுரையை முதலில் படித்தபோது தூக்கம் வரவில்லை.

பக்கத்தில் உள்ளவரை மட்டும் பார்த்து முழுக் கூட்டமும் எப்படி ஒரே திசையில் போகிறது?

1995இல் ஹங்கேரிய இயற்பியலாளர் டொமாஷ் விச்செக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு மிக எளிய மாதிரியை முன்வைத்தார்கள். எல்லாத் துகளுக்கும் ஒரே வேகம். ஒவ்வொரு அடியிலும் ஒரு துகள் தன்னிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ளவை போகும் சராசரித் திசையைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பும், கொஞ்சம் தவறும் செய்யும். அவ்வளவுதான். தவறு அதிகமாக இருந்தால் கூட்டம் சிதறிக் கிடக்கும், குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் எல்லாம் ஒரே பக்கம் போகத் தொடங்கும்.

இதில் கணக்குத் தெரிந்தவர்களைத் திடுக்கிட வைத்த விஷயம் ஒன்று உண்டு. தட்டையான இருபரிமாணத் தளத்தில், நின்ற இடத்திலேயே எந்தத் திசையிலும் தாராளமாகத் திரும்பக்கூடிய காந்த அம்புகள் பக்கத்து அம்புகளை மட்டும் பார்த்துத் திரும்பினால், சமநிலையில் நீண்ட தூர ஒழுங்கு, அதாவது தொலைவில் உள்ளவையும் ஒரே திசை காட்டும் நிலை, வரவே வராது. 1966இல் மெர்மினும் வாக்னரும் நிறுவிய முடிவு இது. சின்னச் சின்னத் திருப்பங்கள் தூரம் போகப் போகச் சேர்ந்து ஒழுங்கைக் கரைத்துவிடும். ஆனால் விச்செக்கின் தட்டையான கூட்டம் ஒழுங்காகப் பறந்தது! ஜான் டோனரும் யூஹை டூவும் அதே 1995இல் காரணத்தைச் சொன்னார்கள். காந்தத்தின் அம்பு நின்ற இடத்தில் நின்றே திரும்புகிறது, தன் அண்டைவீட்டாரோடு மட்டும்தான் காலம் முழுக்கப் பேசுகிறது. பறவை நகர்கிறது. கொஞ்சம் விலகிப் பறந்தால் புதிய அண்டைக்காரர்களைச் சந்திக்கிறது, செய்தி வேகமாகப் பரவுகிறது, தவறுகள் சேருமுன் கலைந்துவிடுகின்றன.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். திசை ஒழுங்கு படிப்படியாக வருகிறது என்று விச்செக்கின் முதல் கட்டுரை சொன்னது. 2004இல் கிரெகுவாரும் ஷாத்தேயும் இன்னும் பெரிய கூட்டங்களை ஓட்டிப் பார்த்தபோது, ஒழுங்கு திடீரென்று வருவது தெரிந்தது. நெருக்கமான பட்டைகள் அலைபோல வெட்டவெளியைக் கடந்து போயின. சின்னக் கூட்டத்தில் அந்தப் பட்டைக்கு இடமே இருக்கவில்லை. டோனரும் தன் பழைய சமன்பாடுகளில் சில உறுப்புகள் விடுபட்டதை 2012இல் தானே எழுதித் திருத்தினார். அந்தக் கணக்கிலிருந்து வந்த, துல்லியமானவை என்று கருதப்பட்ட எண்கள் அப்படியல்ல என்பதைப் பெரிய கணினி ஓட்டங்களும் பிறகு உறுதிசெய்தன. முப்பது வருடம் ஆனாலும் அடிப்படைக் கணக்கு முடியவில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

உண்மையான பறவைகள் அப்படித்தான் நடக்கின்றனவா?

முழுக்க இல்லை. ரோம் நகரில் குளிர்கால மாலைகளில் திரளும் ஸ்டார்லிங் பறவைகளைப் பல கேமராக்களால் ஒரே நேரத்தில் படமெடுத்து, ஒவ்வொரு பறவையின் முப்பரிமாண இடத்தையும் கணக்கிட்டார்கள். 2008இல் வெளியான முடிவு: ஒரு பறவை குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களைப் பார்ப்பதில்லை, தனக்கு நெருங்கிய ஆறு அல்லது ஏழு பேரைப் பார்க்கிறது. அவர்கள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. பருந்து பாய்ந்து கூட்டம் விரிந்தாலும் பிடி விடாமல் இருப்பது இதனால்தான்.

கம்பித் துண்டுகள் சோதனை என்று கேள்விப்பட்டேன். அது என்ன?

2007இல் விஜய் நாராயண், ஸ்ரீராம் ராமசாமி, நாராயணன் மேனன் மூவரும் வெளியிட்டது. சில மில்லிமீட்டர் நீளமுள்ள செப்புக் கம்பித் துண்டுகளை ஒரு தட்டையான வட்டத்தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, தட்டை மேலும் கீழுமாக வேகமாக அதிரவைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் துள்ளித் துள்ளி விழுந்து அந்த அதிர்வைப் பக்கவாட்டு அசைவாக மாற்றிக்கொள்கிறது. மேலிருந்து பார்த்தால் துண்டுகள் வரிசையாகச் சாய்ந்து சுழன்று ஓடும்.

சரி, இதில் என்ன பார்க்க வேண்டும்? தட்டின் ஒரு பகுதியைக் கற்பனைக் கட்டத்தால் அடைத்து, உள்ளே எத்தனை துண்டுகள் என்று நேரத்துக்கு நேரம் எண்ண வேண்டும். சாதாரணப் பொருளில் சராசரி 10,000 இருந்தால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவில்தான் இருக்கும், அதாவது நூற்றுக்கு ஒன்று. கட்டம் பெரிதாகப் பெரிதாக அந்த விகிதம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் ஒரு டம்ளர் நீரின் அடர்த்தி என்று ஒரே எண்ணைச் சொல்ல முடிகிறது. இயங்குபொருளில் ஏற்ற இறக்கம் எண்ணிக்கைக்கே ஏறக்குறைய நேர்விகிதமாக வளரலாம் என்று ராமசாமி, சிம்ஹா, டோனர் 2003இல் கணித்திருந்தார்கள். கம்பித் துண்டுகள் அந்தப் பக்கமே சாய்ந்தன. ஓரிடத்தில் நெரிசல், பக்கத்திலேயே வெறுமை, அதுவும் நெடுநேரம் கலையாமல்! அடர்த்தி என்ற சொல்லையே இங்கே கவனமாகப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

உயிரில்லாத உருண்டை தானாக எப்படி நகரும்?

உருண்டையின் ஒரு பாதியில் மட்டும் பிளாட்டினம் பூசி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த நீரில் விடுவார்கள். பூசிய பக்கத்தில் பெராக்சைடு உடைகிறது, இன்னொரு பக்கத்தில் உடைவதில்லை. இந்தச் சமமின்மை உருண்டையைத் தள்ளுகிறது. இரண்டு முகம் உள்ள ரோமானியக் கடவுளின் பெயரால் இவற்றை ஜானஸ் துகள்கள் என்கிறார்கள். இன்னொரு வழி, மின்காப்பு உருண்டைகளைக் கடத்தும் திரவத்தில் போட்டு வலுவான மின்புலம் கொடுப்பது. அவை தாமாகவே சுழன்று தரையில் உருளும். 2013இல் இப்படி இலட்சக்கணக்கான உருண்டைகளை ஒரு வளையப் பாதையில் விட்டபோது, எல்லாம் ஒரே பக்கம் ஓடத் தொடங்கின.

ஒன்றையொன்று ஈர்க்காத துகள்கள் கூட்டமாகச் சேருமா?

சேரும். நெரிசலான இடத்தில் துகள் மெதுவாகிறது, மெதுவான இடத்தில் அதிக நேரம் தங்குகிறது, தங்குவதால் நெரிசல் இன்னும் கூடுகிறது. 2008இல் டாய்யோரும் கேட்ஸும் இதைக் கணக்காக்கினார்கள். நீர் நீராவியாகப் பிரிவதுபோல அடர்ந்த பகுதியும் மெலிந்த பகுதியும் பிரிந்து நிற்கும், ஒட்டும் விசை எதுவும் இல்லாமலே.

பாக்டீரியா கலந்த நீருக்குப் பாகுத்தன்மையே இல்லாமல் போகும் என்பது உண்மையா?

ஆமாம், சரியான நிலைமைகளில். பொதுவாக நீரில் துகளைக் கலந்தால் அது கெட்டியாகும். ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்கள் வாலால் பின்னாலும் தலையால் முன்னாலும் நீரைத் தள்ளுகின்றன. மெதுவாக இழுக்கப்படும் நீரில் அவை சாய்ந்து நிற்கும்போது, அந்தத் தள்ளல் நாம் இழுக்கும் திசைக்கே உதவியாக விழுகிறது. இப்படிப் பாகுத்தன்மை குறையும் என்று 2004இலேயே கணித்திருந்தார்கள். 2015இல் பிரான்சில் ஒரு குழு அளந்தபோது அது சுழியத்தையே தொட்டது. நிரந்தர இயந்திரமா என்று உடனே கேட்பார்கள். இல்லை. ஆக்சிஜனும் உணவும் தீர்ந்தால் எல்லாம் நின்றுவிடும்.

அந்த நீச்சலே வேறு உலகம். இரண்டு மைக்ரான் நீள பாக்டீரியாவுக்கு நீர் மிகக் கெட்டியான பாகு மாதிரி. நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் நீந்துகிறது. ஆனால் வாலை நிறுத்தினால், ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடும். எட்வர்ட் பர்செல் 1977இல் போட்ட கணக்கு இது.

திரவப் படிகத்தில் குறைபாடுகள் ஓடுகின்றன என்றால் என்ன?

செல்லுக்குள் இருக்கும் மைக்ரோடியூபுல் என்ற விறைப்பான இழைகளை எடுத்து, கைனெசின் என்ற புரத மோட்டார்களைச் சேர்த்து, ஏடிபி என்ற எரிபொருளை ஊற்றுகிறார்கள். ஒரு மோட்டார் ஒரு ஏடிபியைச் செலவழித்து எட்டு நானோமீட்டர் அடி வைக்கும். இரண்டு இழைகளை ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு நடந்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். 2012இல் ஸ்வோனிமிர் டோகிச்சின் குழு இதை எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒரு மெல்லிய தாளாகப் படியவைத்தது.

நுண்ணோக்கியில் அது சீவிய தலைமுடி மாதிரி இருக்கும். எல்லா இழையும் பக்கத்து இழையோடு ஒட்டிச் சாய்ந்திருக்கும். இப்படித் திசை ஒழுங்கு இருந்தும் திரவம்போல ஓடுவதைத்தான் திரவப் படிகம் என்கிறோம். தலையில் சுழி விழுவதுபோல, சில புள்ளிகளில் திசை எதுவென்று சொல்ல முடியாது. அதுதான் குறைபாடு. இரண்டு வகை உண்டு. ஒன்று வால்நட்சத்திர வடிவம், இன்னொன்று முக்கோண வடிவம். முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் ஒன்றே, அதனால் தானாக நகர்வதில்லை. வால்நட்சத்திரத்துக்குத் தலையும் வாலும் இருக்கிறது, அது தானே ஓடும். இழைகள் வளைந்து, பிளந்து, ஒவ்வொரு பிளவிலும் இரு வகையும் ஜோடியாகப் பிறக்கின்றன, பிறகு எதிர் வகையோடு மோதி மறைகின்றன. எரிபொருள் தீரும்வரை இது ஓயாது.

2014இல் இதே தாளை ஒரு நுண் கோளத்தின் மேல் போர்த்தினார்கள். கோளத்தின் மேல் முடியைச் சுழியே இல்லாமல் சீவ முடியாது என்று கணிதம் சொல்கிறது. இந்த வகைத் தாளில் நான்கு வால்நட்சத்திரங்களாவது இருந்தே ஆக வேண்டும். அவை ஓடாமலும் இருக்க முடியாது, மறையவும் முடியாது. ஆகவே நான்கும் நான்முகி வடிவத்துக்கும் ஒரே தள வடிவத்துக்கும் இடையே மாறி மாறி, கடிகாரம்போல ஆடிக்கொண்டிருந்தன.

உடலின் திசுக்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. செல்கள் பரப்பாக ஒட்டியிருக்கும் திசுவிலும் இதே சுழிகள் இருக்கின்றன. வால்நட்சத்திரக் குறைபாடு உள்ள இடங்களில் அழுத்தம் கூடி, செல்கள் இறந்து வெளியே தள்ளப்படுகின்றன என்று 2017இல் காட்டினார்கள். ஹைட்ரா என்ற சிறு உயிரியை வெட்டினால் துண்டு மறுபடி வளரும். அப்போது இழைகளின் குறைபாடுகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதான் வாயும் பாதமும் உருவாகின்றன.

இன்னொன்று, திசு எப்போது உறையும், எப்போது ஓடும் என்பது. செல்லின் சுற்றளவை அதன் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண் 3.81க்குக் கீழே இருந்தால் செல்கள் இடம் மாற முடியாமல் இறுகும், மேலே போனால் திரவம்போல நழுவும். ஒழுங்கான ஐங்கோணத்துக்கு இந்த எண் ஏறக்குறைய அதேதான். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்கள் ஆய்வகத்தில் இறுகுவதற்குத் தாமதமாவதை 2015இல் கண்டார்கள். வெறும் வடிவத்தைப் பார்த்தே ஒரு திசுவின் நிலையை ஊகிக்க முடிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நியூட்டனின் மூன்றாம் விதியை மீறும் துகள்கள் என்கிறார்களே?

விதி எங்கும் உடையவில்லை. சுற்றியுள்ள திரவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் துகள்களை மட்டும் பார்த்தால், ‘அ’ என்ற துகள் ‘ஆ’ என்ற துகளைத் துரத்தும், ‘ஆ’ துகளோ ‘அ’ துகளிடமிருந்து ஓடும். பறவையும் முன்னால் போகும் பறவையைப் பார்க்கிறதே தவிரப் பின்னால் வருவதைப் பார்ப்பதில்லை. இத்தகைய ஒருவழி உறவுகளால் நிற்காமல் சுழலும் புதிய நிலைகள் பிறக்கும் என்று 2021இல் ஒரு கோட்பாடு வந்தது. அடுத்த ஆண்டே அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு காட்சி கிடைத்தது: நட்சத்திரமீனின் கருக்கள் நீர்ப்பரப்பில் சுழன்றுகொண்டே ஆயிரக்கணக்கில் சேர்ந்து, அறுகோணப் படிகமாக அடுக்கிக்கொண்டன. சாதாரணப் படிகத்தில் அதிர்வு அடங்கிவிடும். இந்தப் படிகத்தில் அலைகள் தாமாக எழுந்து ஓடின.

மனிதக் கூட்டத்துக்கு இது பயன்படுமா?

பயன்படத் தொடங்கியிருக்கிறது. ஸ்பெயினின் பம்ப்லோனாவில் சான் ஃபெர்மின் விழா தொடங்கும் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கி நிற்பதைப் படமெடுத்து, 2025இல் ஆய்வு வெளியிட்டார்கள். நெரிசல் ஓர் எல்லையைத் தாண்டியதும், யாரும் திட்டமிடாமலே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தாற்போல் ஏறக்குறைய 18 நொடிக்கு ஒருமுறை வட்டமாக அசைகிறார்கள். 2010இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில் 21 பேர் நெரிசலில் இறந்த விழாவின் படங்களிலும் இதே மாதிரி அசைவு தெரிந்தது. கேமராவில் அந்த ஆட்டம் தெரியும் கணமே எச்சரிக்கை கொடுக்க முடிந்தால் உயிர்கள் பிழைக்கும். இந்தத் துறையின் வேறெந்தப் பயனையும்விட எனக்கு இது முக்கியம்.

இதைப் படிக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்? எங்கே தொடங்குவது?

புள்ளியியல் இயற்பியலும் திரவ இயக்கவியலும் அடிப்படை அளவில் தெரிந்தால் போதும், மற்றதைப் போகப்போகக் கற்கலாம். ஆனால் படிப்பதற்கு முன் விச்செக் மாதிரியை நீங்களே எழுதிப் பாருங்கள். பைத்தானில் முப்பது நாற்பது வரி போதும். முதலில் 300 துகள்கள். தவறின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூட்டம் திசை பிடிக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து துகள்களின் நெருக்கத்தை மாற்றாமல் பெட்டியை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். பல்லாயிரம் துகள்களுக்கு வரும்போது கணினி திணறும், இரவு முழுக்க ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள். காலையில் படத்தைத் திறந்தால், முதலில் குறித்த அந்த இடத்துக்குப் பக்கத்தில், வெட்டவெளியைக் குறுக்காகக் கடந்து போகும் ஒரு பட்டை தெரியலாம்.